ஸ்பைக் புரத ஆன்டிபாடி: குப்பி வாங்குவதிலிருந்து பட்டையைப் படிப்பது வரை முழுமையான வழிகாட்டி

சார்ஸ்-கோவ்-2 வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ஸ்பைக் புரதத்தைக் கண்டறிய ஆன்டிபாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "ஆன்டி-ஸ்பைக்" என்று குப்பியின் மேல் ஒட்டியிருப்பது பாதித் தகவல்தான். அது ஸ்பைக்கின் எந்தத் துண்டைப் பிடிக்கிறது, அந்தத் துண்டு மடிந்திருக்கும்போது பிடிக்கிறதா, அவிழ்ந்திருக்கும்போது பிடிக்கிறதா என்பதே மீதிப் பாதி. ஆய்வகங்களில் வாரக்கணக்கில் வீணாகும் வேலையில் பெரும்பகுதி இந்த மீதிப் பாதியைப் பார்க்காமல் விட்டதால் வருவது. சாம்பிளைக் கொதிக்க வைப்பதா வேண்டாமா, எந்தக் கண்ட்ரோல் (ஒப்பிட வைக்கும் சாம்பிள்) வைப்பது, எந்தப் பஃபரில் கழுவுவது என எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் புரதத்தைப் படியுங்கள்

ஸ்பைக் 1273 அமினோ அமிலங்கள் கொண்டது. 685-க்கும் 686-க்கும் இடையே ஃபியூரின் என்சைம் அதை இரண்டாக வெட்டுகிறது. முன்பாதி எஸ்1, பின்பாதி எஸ்2. மனிதச் செல்லின் ஏசிஇ2 ஏற்பியோடு ஒட்டும் ஆர்பிடி (ஏற்பியைப் பிடிக்கும்) பகுதி எஸ்1-க்குள், சுமார் 319 முதல் 541 வரை இருக்கிறது. எஸ்2-வின் வால்நுனி செல்லுக்குள், சைட்டோபிளாசப் பக்கம் நீண்டிருக்கும்.

அமினோ அமிலங்களை மட்டும் கூட்டினால் எடை ஏறத்தாழ 141 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). ஆனால் ஒவ்வொரு ஸ்பைக் சங்கிலியிலும் என்-கிளைக்கான் சர்க்கரை ஒட்டும் இடங்கள் 22 உள்ளன: எஸ்1-இல் 13, எஸ்2-வில் 9. ஒரு கிளைக்கானுக்கு 2 கிலோடால்டன் என்று வைத்தாலே 44 சேர்ந்துவிடும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் முழு ஸ்பைக் 180–190 கிலோடால்டன் அருகே பட்டையாக ஓடுவது இதனால்தான். "141-இல் பட்டை இல்லையே, ஆன்டிபாடி சரியில்லை" என்று முடிவுகட்டி நல்ல குப்பியை ஒதுக்கிவிடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தகவல் தாளில் முதலில் பார்க்க வேண்டிய வரி "இம்யூனோஜன்". விலங்குக்கு எதை ஊசி போட்டு ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்பது அங்கே இருக்கும். சிறிய பெப்டைடை (புரதத் துண்டை) கொடுத்து உருவாக்கியவை பெரும்பாலும் நேர்கோட்டு எபிடோப்பை, அதாவது அவிழ்ந்த சங்கிலியிலும் ஆன்டிபாடி ஒட்டக்கூடிய இடத்தைப் பிடிக்கும். ஜெல்லில் பிரித்த புரதத்தை ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ஏற்றவை. மடிந்த முழுப் புரதத்தைக் கொடுத்தோ, நோயிலிருந்து மீண்டவரின் பி செல்லிலிருந்து எடுத்தோ உருவாக்கியவை பல நேரம் வடிவத்தைப் பிடிப்பவை. அவை எலைசாவிலும் (தட்டில் பூசிய புரதத்தைப் பார்க்கும் முறை) ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை) அருமையாக வேலை செய்யும்; புரதத்தை அவிழ்த்துவிடும் எஸ்டிஎஸ் ஜெல்லில் வாயே திறக்காது.

சிஆர்3022 இதற்கு நல்ல உதாரணம். முந்தைய சார்ஸ் வைரஸ் தொற்றிலிருந்து மீண்ட ஒருவரிடமிருந்து கிடைத்த இந்த ஆன்டிபாடி சார்ஸ்-கோவ்-2-வின் ஆர்பிடியையும் பிடிக்கிறது. ஆனால் அது பிடிக்கும் இடம் மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஸ்பைக் முக்கூட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. குறைந்தது இரண்டு ஆர்பிடிகள் நிமிர்ந்து நின்றால்தான் அங்கே நுழைய முடியும். தனி ஆர்பிடி ஒட்டிய எலைசாத் தட்டில் பளிச்சென்று தெரியும் அதே ஆன்டிபாடி, நிலைப்படுத்தப்பட்டு மூடிக்கிடக்கும் முக்கூட்டில் மங்கலாகத் தெரிந்தால் வியப்பதற்கில்லை.

ஆர்பிடியில் வடிவத்தைக் கட்டிவைக்கும் நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் உள்ளன. டிடிடி அல்லது மெர்காப்டோஎத்தனால் சேர்த்த நொடியே அவை அறுந்து வடிவம் கலையும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். தூய ஸ்பைக் அல்லது ஆர்பிடி புரதத்தில் 100 நானோகிராமை அப்படியே நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஒரு புள்ளியாக வையுங்கள். பக்கத்தில் எஸ்டிஎஸ், டிடிடி சேர்த்துக் கொதிக்க வைத்த அதே அளவை இன்னொரு புள்ளியாக வையுங்கள். உங்கள் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்க்கும்போது இரண்டிலும் சிக்னல் வந்தால் நேர்கோட்டு எபிடோப். முதல் புள்ளியில் மட்டும் வந்தால் வடிவ எபிடோப். வெஸ்டர்னுக்கு வேறு குப்பி தேடுங்கள்.

திரிபுகளையும் மறக்க வேண்டாம். ஒமிக்ரான் பிஏ.1-இன் ஆர்பிடியில் மட்டும் 15 மாற்றங்கள். வூஹான் மூலவரிசைக்கு எதிராக உருவான ஆர்பிடி ஆன்டிபாடிகள் பல அங்கே பிடிப்பை இழந்தன. எல்லாத் திரிபுகளையும் ஒரே ஆன்டிபாடியால் பார்க்க விரும்பினால் எஸ்2 பக்கம் போவதே புத்திசாலித்தனம். அது அதிகம் மாறாத பகுதி. அதற்கான விலை, மற்ற கொரோனா வைரஸ்களோடு குறுக்கே வினைபுரியும் வாய்ப்பு கூடுவது. முந்தைய சார்ஸ் வைரஸையும் இதையும் பிரித்துக் காட்ட வேண்டிய சோதனைக்கு எஸ்2 ஆன்டிபாடி உதவாது.

இன்னொரு பொறி வால்நுனியில் இருக்கிறது. ஸ்பைக்கின் கடைசி ஐந்து அமினோ அமிலங்களின் எழுத்துகள் கே-எல்-எச்-ஒய்-டி. புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் திருப்பி அனுப்பும் சமிக்ஞை அது. மேற்பரப்புக்கு அதிகம் வரட்டும் என்று சூடோவைரஸ் (ஸ்பைக் போர்த்திய போலி வைரஸ்) செய்யும் பிளாஸ்மிடுகளில் (செல்லுக்குள் ஜீனை ஏற்றும் டிஎன்ஏ வளையங்களில்) கடைசி 19 அமினோ அமிலங்களை வெட்டிவிடுவது வழக்கம். உங்கள் ஆன்டிபாடி வால் பெப்டைடுக்கு எதிராக உருவானது என்றால், அந்தப் பிளாஸ்மிடில் அதற்குப் பிடிக்க எதுவுமே இல்லை. பிளாஸ்மிட் வரைபடத்தையும் தகவல் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மோனோகுளோனலா (ஒரே வகை ஆன்டிபாடி) பாலிகுளோனலா (பல வகைகளின் கலவை) என்ற கேள்விக்கு எங்கள் பரிந்துரை, அமினோ அமில வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் (ஜீனிலிருந்து செல்வளர்ப்பில் தயாரித்த) மோனோகுளோனல். லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாற்றம் அதில்தான் மிகக் குறைவு.

குப்பி வந்ததும்

மூடியில் ஒட்டிய துளியும் கீழே வரட்டும் என்று சில நொடி சுழற்றுங்கள். செறிவைப் பாருங்கள். 50 சதவீத கிளிசரால் இருந்தால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது; பிரித்து வைக்கத் தேவையில்லை, நேரடியாக எடுக்கலாம். கிளிசரால் இல்லாதவற்றை 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத அலிகோட்டுகளாக (சிறு பங்குகளாக) பிரித்து உறைய வையுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியும் ஆவியாகியும் கணிசமான பங்கு போய்விடும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அதன் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளோரசன்ட் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை உறைய வைக்கவே கூடாது: 4 டிகிரி, இருட்டு.

பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது, சிக்னலை உண்டாக்கும் எச்ஆர்பி என்சைமை முடக்கும். ஆயிரம் மடங்கு நீர்த்த பிரைமரி (ஸ்பைக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி) கரைசலில் அது பொருட்டல்ல. ஆனால் "கெடாமல் இருக்கட்டும்" என்று எச்ஆர்பி ஒட்டிய செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும் ஆன்டிபாடி) கரைசலில் அசைடு போட்டால் சிக்னல் செத்துவிடும். அசைடு நச்சும்கூட, சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும்.

நீர்ப்பு விகிதத்தை நம்பாதீர்கள், செறிவை நம்புங்கள். 1:1000 என்பது 1 மில்லிகிராம்/மில்லி குப்பியில் 1 மைக்ரோகிராம்/மில்லி, 0.2 மில்லிகிராம்/மில்லி குப்பியில் 0.2 மைக்ரோகிராம்/மில்லி. இரண்டு ஆன்டிபாடிகளை ஒரே 1:1000-இல் வைத்து ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல.

கண்ட்ரோல் இல்லாமல் தொடங்க வேண்டாம்

உயிருள்ள வைரஸ் தேவையில்லை. எச்இகே293டி என்ற மனித வளர்ப்புச் செல்களில் ஸ்பைக் பிளாஸ்மிடை ஏற்றினால் போதும். ஆறு குழித் தட்டில் செல்கள் 70–80 சதவீதம் நிரம்பியதும் குழிக்கு 2 மைக்ரோகிராம் டிஎன்ஏ, 48 மணி நேரம். அருகிலேயே வெறும் வெக்டர் (ஸ்பைக் ஜீன் இல்லாத பிளாஸ்மிட்) ஏற்றிய குழி. இது கட்டாயம்: ஏற்றாத செல்லும் வெக்டர் ஏற்றிய செல்லும் ஒன்றல்ல, டிரான்ஸ்ஃபெக்ஷன் (பிளாஸ்மிட் ஏற்றும்) ரசாயனமே சில செல்களைக் கொன்று பின்னணியைக் கூட்டும். முடிந்தால் மூன்றாவதாக, ஃபியூரின் வெட்டிடம் மாற்றப்பட்ட ஸ்பைக். அதில் எஸ்2 பட்டை வரக் கூடாது. வந்தால் நீங்கள் எஸ்2 என்று நினைத்தது வேறு ஏதோ.

தொற்றிய செல்லிலிருந்து சாம்பிள் எடுப்பவர்கள், உங்கள் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு ஒப்புக்கொண்ட முறையில் வைரஸ் செயலிழந்தது உறுதியான பிறகே அதை உயர் பாதுகாப்பு அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

வெஸ்டர்ன் பிளாட்

1. செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ் உப்புப் பஃபரால் மெதுவாகக் கழுவுங்கள். எச்இகே செல்கள் தட்டில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். வேகமாக ஊற்றினால் சாம்பிள் முழுக்கக் கழுவுநீரோடு போகும்.

2. குழிக்கு 150–200 மைக்ரோலிட்டர், செல்லைக் கரைக்கும் ரிபா பஃபர், புரோட்டியேஸ் தடுப்பானோடு. பனிக்கட்டியில் 20–30 நிமிடம். பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி, 10 நிமிடம் சுழற்றி மேல்திரவத்தை எடுங்கள்.

3. பிசிஏ முறையில் புரதத்தை அளந்து, ஜெல்லின் ஒவ்வொரு பாதைக்கும் 20 மைக்ரோகிராம் வருமாறு சாம்பிள் பஃபரில் டிடிடியோடு கலக்குங்கள்.

4. சூடாக்குவது 70 டிகிரியில் 10 நிமிடம். 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் செல் சவ்வில் பொதிந்த புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு, ஜெல்லில் சாம்பிள் ஊற்றும் கிணற்றின் வாயிலேயே தங்கிவிடக்கூடும். ஜெல்லின் உச்சியில் அழுக்குபோல ஒரு திட்டும், கீழே வெறுமையும் தெரிந்தால் இந்தப் படியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. 4–12 சதவீத கிரேடியன்ட் ஜெல் அல்லது 7.5 சதவீத ஜெல். எடை தெரிந்த புரதங்கள் கொண்ட அளவுகோலில் 250 கிலோடால்டன் வரை பட்டை இருக்க வேண்டும். 180-இல் முடியும் அளவுகோல் இங்கே பயன்படாது.

6. பிவிடிஎஃப் சவ்வை மெத்தனாலில் 30 நொடி நனைத்த பிறகே பஃபரில் போடுங்கள். பெரிய புரதம் என்பதால் ஈர டிரான்ஸ்ஃபர்தான் (பஃபரில் மூழ்கவைத்து ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மின்சாரத்தால் நகர்த்துவது) நம்பகமானது: 100 வோல்ட்டில் 90 நிமிடம், தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி, அல்லது குளிர் அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க. டிரான்ஸ்ஃபர் பஃபரில் மெத்தனாலை 10 சதவீதமாகக் குறையுங்கள். அது ஜெல்லைச் சுருக்கிப் பெரிய புரதத்தைச் சிறைப்பிடிக்கும். முடிந்ததும் எல்லாப் புரதங்களையும் காட்டும் பான்சோ சாயத்தில் சவ்வைப் பாருங்கள். 150-க்கு மேலே பட்டைகள் சவ்வில் இறங்கவில்லை என்றால், அதற்கு மேல் ஆன்டிபாடியைச் செலவழிப்பதில் பொருளில்லை.

7. சவ்வின் வெற்றிடங்களை அடைக்க (பிளாக்) 0.1 சதவீத ட்வீன்-20 கலந்த டிபிஎஸ்ஸில் 5 சதவீத கொழுப்பில்லாப் பால்பொடி, ஒரு மணி நேரம். பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறை என்றால் பால் வேண்டாம், பாலிலேயே பயோட்டின் உண்டு. 3–5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) எடுங்கள்.

8. பிரைமரி 1 மைக்ரோகிராம்/மில்லி, 4 டிகிரியில் இரவு முழுக்க மெல்ல ஆட்டுங்கள். மறுநாள் 10 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவல். எச்ஆர்பி செகண்டரி 1:5000 முதல் 1:10,000, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல். எச்ஆர்பியோடு சேர்ந்து ஒளிரும் இசிஎல் ஊற்றிப் படமெடுங்கள். சில நொடியில் தொடங்கிச் சில நிமிடம் வரை பல நேர அளவுகளில் எடுத்து வையுங்கள்.

லோடிங் கண்ட்ரோலுக்கு (பாதைகளில் சம அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் புரதத்துக்கு) ஒரு எச்சரிக்கை. சவ்வுப் புரதம் என்பதால் பலர் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஏறத்தாழ 100 கிலோடால்டனில் ஓடும். எஸ்2 பட்டையின் மடியிலேயே வந்து உட்காரும். 36 கிலோடால்டன் ஜிஏபிடிஎச் தொந்தரவில்லாதது. சவ்வை 70 அருகே குறுக்கே வெட்டி இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

பட்டைகளைப் படிப்பது

எஸ்2 ஆன்டிபாடி போட்டிருந்தால் இரண்டு பட்டைகளை எதிர்பாருங்கள்: மேலே 180–190-இல் வெட்டுப்படாத ஸ்பைக், கீழே 90–100-இல் எஸ்2. எஸ்1 ஆன்டிபாடி என்றால் மேலே அதே பட்டை, கீழே 110-ஐ ஒட்டி எஸ்1. எஸ்1 சிலசமயம் செல்லைவிட்டுக் கழன்று வளர்ப்பு ஊடகத்துக்குள் போய்விடும். செல் சாம்பிளில் எஸ்1 எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் ஊடகத்தையும் ஒரு பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

250-க்கும் மேலே தெரியும் பட்டை பெரும்பாலும் முழுதாகப் பிரியாத முக்கூட்டு. டிடிடி பழசாகிவிட்டதா என்று பாருங்கள்; கரைசலாகக் கலந்து அறை வெப்பத்தில் வைத்தால் அது சீக்கிரம் வலுவிழக்கும்.

ஸ்பைக் பட்டைகள் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது, கொஞ்சம் தடித்துப் பரவியிருக்கும். ஒரே புரதத்தில் சர்க்கரைகள் ஒவ்வொரு மூலக்கூறிலும் சற்றே வேறுபடுவதால் அப்படி. அந்தப் பட்டை உண்மையிலேயே ஸ்பைக்தானா என்று சந்தேகம் வந்தால் சர்க்கரைகளை வெட்டியெடுக்கும் பிஎன்கேஸ் எஃப் என்சைமைக் கூப்பிடுங்கள். 20 மைக்ரோகிராம் லைசேட்டை (கரைத்த செல்லின் திரவத்தை) 0.5 சதவீத எஸ்டிஎஸ், 40 மில்லிமோலார் டிடிடியில் 100 டிகிரி, 10 நிமிடம் அவிழுங்கள். ஆறியதும் 1 சதவீத என்பி-40 சேருங்கள்; எஸ்டிஎஸ் இந்த என்சைமை முடக்கும், என்பி-40 அந்த எஸ்டிஎஸ்ஸைக் கட்டிப்போடும். பிஎச் 7.5 பாஸ்பேட் பஃபரில் என்சைமோடு 37 டிகிரி, ஒரு மணி நேரம். 190-இல் இருந்த பட்டை 140 பக்கம் இறங்கினால் அது ஸ்பைக். இடத்தைவிட்டு அசையாத பட்டை வேறு எதுவோ. இந்த நகர்வைப்போல நம்பிக்கை தரும் சான்று வெஸ்டர்னில் வேறில்லை. இங்கே கொதிக்க வைப்பதால் கொஞ்சம் திரளக்கூடும். இது அளவிடும் சோதனையல்ல, அடையாளம் காட்டும் சோதனை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

செல் மேற்பரப்பில் பார்க்க

ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குச் செல்களை எடுக்கும்போது டிரிப்சின் (புரதத்தை வெட்டும் என்சைம்) தொடாதீர்கள். ஸ்பைக் புரோட்டியேஸ்கள் வெட்டுவதற்கென்றே இடம் வைத்திருக்கும் புரதம். நீங்கள் பார்க்க வந்ததையே டிரிப்சின் சவரம் செய்துவிடும். 2 மில்லிமோலார் இடிடிஏ கலந்த பிபிஎஸ் போதும், எச்இகே செல்கள் சில நிமிடத்தில் கழன்றுவிடும்.

குழாய்க்கு 3 லட்சம் செல்கள், 2 சதவீத சீரம் கலந்த பிபிஎஸ்ஸில் 100 மைக்ரோலிட்டர். ஆன்டிபாடியை 10 மைக்ரோகிராம்/மில்லியில் தொடங்கி மும்மடங்காக நீர்த்து ஆறு புள்ளிகள் வையுங்கள். பனிக்கட்டியில் 30–45 நிமிடம். குளிரில் வைப்பது ஆன்டிபாடியைச் செல் உள்ளே விழுங்காமல் இருக்க. இரண்டு கழுவல், பிறகு ஃப்ளோரசன்ட் செகண்டரி 30 நிமிடம் இருட்டில், இறந்த செல்லைக் காட்டும் சாயத்தோடு. இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் வாரி அணைக்கும். அதை வெளியே தள்ளாமல் எடுத்த ஹிஸ்டோகிராமுக்கு மதிப்பில்லை. ஆறு புள்ளிகளில் சிக்னல் உச்சத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்பைக் செல்லின் சிக்னலை வெக்டர் செல்லின் சிக்னலால் வகுத்து, அந்த விகிதம் எங்கே பெரியதோ அதை எடுங்கள்.

வால்நுனி ஆன்டிபாடியை இங்கே எடுத்தால் முழுச் செல்லில் எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது; அதன் எபிடோப் சவ்வுக்கு உள்ளே இருக்கிறது. அதையே கண்ட்ரோலாகத் திருப்பிப் பயன்படுத்தலாம்: துளையிடாத செல்லில் வால் ஆன்டிபாடி ஒளிர்ந்தால் உங்கள் செல் சவ்வு கிழிந்திருக்கிறது.

நுண்ணோக்கிக்கு என்றால் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 15 நிமிடம். உள்ளேயும் பார்க்க வேண்டுமானால் சவ்வைத் துளையிடும் 0.1 சதவீத டிரைட்டான், 10 நிமிடம். வடிவ எபிடோப் ஆன்டிபாடிக்கு மைனஸ் 20 டிகிரி மெத்தனால் வேண்டாம். அது புரதத்தை அவிழ்த்துவிடும். ஏசிஇ2 உள்ள செல்லில் ஸ்பைக்கை ஏற்றினால் பக்கத்துச் செல்களோடு இணைந்து பல நியூக்ளியஸ் கொண்ட பெருஞ்செல்லாகும். அழகான படம் வரும், ஆனால் செல்லுக்குச் செல் அளவிட முடியாது.

எலைசா

இது நேரானது. பிபிஎஸ்ஸில் 1–2 மைக்ரோகிராம்/மில்லி ஸ்பைக், குழிக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க. 3 சதவீத பிஎஸ்ஏவில் ஒரு மணி நேரம் பிளாக். ஆன்டிபாடி நீர்ப்பு வரிசை, எச்ஆர்பி செகண்டரி தலா ஒரு மணி நேரம். நிறம் தரும் டிஎம்பி 5–15 நிமிடம். சல்ஃபியூரிக் அமிலத்தால் நிறுத்தி 450 நானோமீட்டரில் படியுங்கள்.

கவனம் தேவைப்படுவது புரதத்தோடு ஒட்டவைத்த டேக்கில் (அடையாளத் துண்டில்). மனித எஃப்சி (ஆன்டிபாடியின் அடிப்பகுதி) ஒட்டிய ஸ்பைக்கைத் தட்டில் பூசி, ஆன்டி-ஹியூமன் செகண்டரி போட்டால், நடுவில் பிரைமரி இல்லாமலே குழி முழுக்க நிறம் ஏறும். செகண்டரி மட்டும் போட்ட குழி ஒன்று இருந்தால் முதல் நாளே அகப்பட்டுவிடும். ஹிஸ் டேக் ஸ்பைக்கை ஊசி போட்டு உருவாக்கிய பாலிகுளோனலில் ஹிஸ் டேக்கைப் பிடிக்கும் பங்கும் கலந்திருக்கலாம். ஸ்பைக்கோடு தொடர்பில்லாத இன்னொரு ஹிஸ் டேக் புரதத்தை அருகே பூசி ஒப்பிடுங்கள்.

கோளாறு வந்தால்

பட்டையின் நடுவே வெள்ளையாக ஓட்டை விழுந்தால் ஆன்டிபாடி போதவில்லை என்று அர்த்தமில்லை, அதிகம் என்று அர்த்தம். எச்ஆர்பி அங்கே குவிந்து அடிமூலக்கூறை நொடியில் தீர்த்துவிட்டது. செகண்டரியை நான்கில் ஒரு பங்காக்குங்கள். சவ்வு முழுக்கக் கருத்தால் முதலில் கழுவலைக் கூட்டுங்கள், பிறகு பிரைமரியைப் பாதியாக்குங்கள். அங்கங்கே கரும்புள்ளி தெளித்ததுபோல இருந்தால் செகண்டரி குப்பியில் திரண்ட துகள். 4 டிகிரியில் 10,000 ஜி, 5 நிமிடம் சுழற்றி மேல்பகுதியை மட்டும் எடுங்கள். வெக்டர் பாதையிலும் ஸ்பைக் பாதையிலும் ஒரே உயரத்தில் பட்டை இருந்தால், பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்டு ஒரு சவ்வை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் குற்றவாளி செகண்டரி.

எந்தப் பாதையிலும் எதுவும் இல்லை என்றால் கீழிருந்து மேலே போங்கள். எச்ஆர்பி செகண்டரியில் ஒரு துளியை இசிஎல்லில் நேரடியாக விடுங்கள், ஒளிர்கிறதா? செகண்டரி உங்கள் பிரைமரியின் விலங்கினத்துக்கு உரியதுதானா? பான்சோவில் பெரிய புரதங்கள் தெரிந்தனவா? இவை மூன்றும் சரி என்ற பிறகே பிரைமரியைக் குறை சொல்லலாம்.

குறிப்பேட்டில் குளோன் பெயர், கேட்டலாக் எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி (ஆன்டிபாடியின் பொது அடையாள எண்), மைக்ரோகிராம்/மில்லி செறிவு, ஸ்பைக் எந்தத் திரிபு, வால் முழுதா வெட்டப்பட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பழைய லாட் தீருவதற்கு முன்பே புதியதை வாங்கி, ஒரே லைசேட்டை ஒரே ஜெல்லில் இருமுறை ஓட்டி, சவ்வை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்குப் பழைய லாட், மறு பாதிக்குப் புதியது போடுங்கள். இரண்டையும் ஒரே நேர அளவில் படமெடுத்து அந்தப் படத்தைக் குறிப்பேட்டில் ஒட்டிய பிறகு பழைய குப்பியைக் காலி செய்யலாம்.